பழைய பைபர் படகில் கால் அமுங்குகிறதா? வாங்கும் முன் அடியைச் சோதிக்க முழு வழிகாட்டி

பழைய பைபர் படகு பார்க்கப் போகிற நம் ஆட்கள் பெரும்பாலும் எஞ்சினைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, புகையைப் பார்த்து, சத்தம் கேட்டு, அதிலேயே பாதி நேரம் போய்விடும்; அப்புறம் படகைச் சுற்றி ஒரு நடை, பெயிண்ட் பளபளவென்று இருந்தால் சரி, முன்பணம் கை மாறிவிடும். எஞ்சின் நடுக்கடலில் நின்றால் பக்கத்துப் படகு கயிறு போட்டு இழுத்து வந்துவிடும். அடி விட்டுப்போனால் இழுத்து வர ஒன்றும் மிஞ்சாது. அதனால் அடியைப் பார்த்துவிட்டு எஞ்சினுக்குப் போங்கள்.

அடியில் ஓரிடம் அமுங்குகிறது என்று நீங்கள் சொன்னதும் விற்கிறவர் சொல்லும் வழக்கமான பதில் ஒன்று உண்டு: "ஒரு மேட் போட்டா சரியாயிரும்ணே." மேட் என்றால் ரெசின் என்ற பிசினில் ஊறவைத்து ஒட்டும் கண்ணாடி இழை விரிப்பு. அதைப் போட்டால் உண்மையிலேயே கொஞ்ச காலம் அமுங்காது, ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஒரே மாதிரி அமுங்கினாலும் அதற்குப் பின்னால் ஐந்து காரணங்களில் எதுவும் இருக்கலாம். சிலவற்றை மேலே மேட் ஒட்டிச் சரிசெய்ய முடியும், மற்றவற்றை அந்த மேட் மறைத்து மட்டும் வைக்கும். எது காரணம் என்று தெரியாத வரை விலை பேசாதீர்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

பைபர் அடி என்பது கண்ணாடி இழை மேட்டும் ரோவிங்கும் (தடித்த இழையில் நெய்த துணி) மாறி மாறி அடுக்கி, ரெசினில் ஊறவைத்து இறுகச் செய்த ஒரு தோல். வெளியே ஜெல்கோட் என்ற வழுவழுப்பான ரெசின் பூச்சு, அதன் மேல் பெயிண்ட். இந்தத் தோல் தனியாக நின்றால் நெளியும் என்பதால் உள்ளே நீளவாக்கிலும் குறுக்கிலும் வங்குகள் வைக்கிறார்கள். இந்த வங்கு பெரும்பாலும் மரம், பிளைவுட், அல்லது போம் கட்டை ஒன்றை வைத்து அதன் மேல் மேட் போட்டு மூடியது. அதற்கு மேல் நாம் நிற்கும் தளம். பல படகுகளில் தளத்துக்கும் அடிக்கும் நடுவே மிதப்புக்காகத் தெர்மாகோலோ போமோ அடைத்து நாலு பக்கமும் மூடிவிடுவார்கள், அப்புறம் உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது.

இந்த அமைப்பு மனதில் இருந்தால் அந்த ஐந்து காரணமும் தானே புரியும். ஒன்று, அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கலாம். இரண்டு, உள்ளே இருக்கும் மரம் ஊறி மக்கியிருக்கலாம். மூன்று, வங்கு அடியை விட்டுப் பெயர்ந்தோ முறிந்தோ இருக்கலாம். நான்கு, தோலே மெல்லிசாக இருக்கலாம், கட்டும்போதே மிச்சம் பிடித்ததாகவும் இருக்கும், மணலில் இழுத்து இழுத்துத் தேய்ந்ததாகவும் இருக்கும். ஐந்தாவது, எனக்கு ரொம்பக் கோபம் வருவது, உடைந்த இடத்தில் பட்டியை அப்பித் தேய்த்துப் பெயிண்ட் அடித்த பழைய வேலை.

படகின் கதையைக் கேளுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரை முழுக்க பைபர் படகுகள் அவசர அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்டன; நல்ல வேலையும் உண்டு, ரெசினையும் மேட்டையும் குறைத்த வேலையும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) ஓரமாக ஏராளமான படகுகள் ஒன்றோடொன்று மோதிச் சேதமாயின. அப்படி அடிபட்டுப் பூசப்பட்ட படகு பின்னாளில் எந்தக் கரையிலும் விலைக்கு நிற்கலாம். எந்தக் கடலில் ஓடியது என்பதும் முக்கியம். தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், தீவுகளைச் சுற்றிப் பவளப் பார் இருப்பதால் முட்டிய காயம்தான் முதலில் தேட வேண்டியது. வடகடலில் எப்போதும் தண்ணீரிலேயே நங்கூரமிட்டுக் கிடந்த படகு என்றால் ஊறிப்போனதைத் தேடுங்கள். தினமும் கரைக்கு இழுத்து ஏற்றிய படகு என்றால் ஏராவும் (அடியின் நடுவே நீளமாக ஓடும் முதுகெலும்பு) அதன் இரண்டு பக்கமும் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எப்போது போவது, என்ன கொண்டு போவது

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். நம் ஊர் வெயிலில் காய்ந்த பைபர் நல்லதாக இருந்தாலும் கொஞ்சம் நெகிழும், குறிப்பாகக் கறுப்பும் நீலமும் அடித்த படகில். மதியம் அமுக்கிப் பார்த்தால் எல்லா இடமும் ஒரே மாதிரி சந்தேகமாகத் தோன்றும்.

படகின் அடி மணலில் அழுந்திக் கிடந்தால் சோதிக்க முடியாது. கட்டையோ டயரோ கொடுத்து, ஒரு ஆள் குனிந்து அடியில் கை நீட்டும் அளவுக்கு ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். அதற்கு மறுக்கிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

கையில் வேண்டியவை: நல்ல டார்ச், ஒரு 10 ரூபாய் நாணயம், பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர், சாக்பீஸ், ஒரு மீட்டர் நீளத்தில் நேரான ரீப்பர் கட்டை, ஸ்டீல் ஸ்கேல், கண்ணாடி மாதிரி பாலித்தீன் தாள், டேப், பழைய துணி, ஒரு குடம் நல்ல தண்ணீர். கூடவே ஒரு ஆள் கட்டாயம், தனியாகப் போனால் பாதிச் சோதனைதான் செய்ய முடியும்.

முதலில் கண்

அடியைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச்சை நேராக அடிக்காமல், பரப்போடு ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழும். சுற்றியிருக்கும் பரப்பு ஒரு மாதிரி வழுவழுப்பும், நடுவில் முறம் அளவு வட்டம் வேறு மாதிரி வழுவழுப்பும் இருந்தால் அங்கே யாரோ வேலை செய்திருக்கிறார்கள். செய்ததில் தப்பில்லை, சொல்லாமல் மறைத்தால்தான் தப்பு. அந்த வட்டத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

விரிசல்களை நின்று நிதானமாகப் படியுங்கள், அவை நிறையச் சொல்லும். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரமாகக் கிளம்பினால் அது முட்டிய காயம், பாரில் பட்டதாகவோ உள்ளிருந்து நங்கூரம் விழுந்ததாகவோ இருக்கலாம். பக்கம் பக்கமாகக் கோடு கோடாக, அதுவும் உள்ளே வங்கு போகும் வரிசையை ஒட்டியே ஓடினால், வங்கு விறைப்பாக நிற்க அதன் ஓரத்தில் தோல் மடங்கி மடங்கி விரிந்திருக்கிறது என்று பொருள், அதாவது அந்த இடத்துத் தோல் மெல்லிசு. எஞ்சின் மாட்டும் பின்பலகையின் இரண்டு கீழ் மூலைகளையும் தனியாகப் பாருங்கள். மெல்லிய விரிசல் கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் கொஞ்சம் பேனா மையைத் தேய்த்து உடனே துடைத்துவிடுங்கள், விரிசலுக்குள் போன மை அப்படியே நின்று முழு வரைபடத்தையும் காட்டிவிடும்.

உள்பக்கம் பெயிண்ட் அடிக்காமல் விட்டிருந்தால் உங்களுக்கு யோகம். நல்ல அடுக்கு லேசான பச்சையோ மஞ்சளோ கலந்து ஒளி ஊடுருவுகிற மாதிரி இருக்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் காற்று புகுந்துவிடுவதால் வெள்ளையாக, பால் தெளித்த திட்டாகத் தெரியும். வெளியே பெயிண்ட் அழுத்தமாக இல்லாத இடங்களில் இரவிலோ விடியலிலோ ஒருவர் உள்ளே டார்ச்சை ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் வெளியே பார்த்தால் மெல்லிசான இடம் பளிச்சென்றும் பட்டி அப்பிய இடம் இருட்டாகவும் நிற்கும்.

அடுத்தது கால், கை

செருப்பைக் கழற்றிவிட்டுத் தளத்தில் ஏறி, குதிகாலை ஊன்றி அடி அடியாக நடங்கள். அமுங்குகிற இடம் கிடைத்ததும் அங்கேயே நின்று, கூட வந்தவரைக் கீழே போய் அதே இடத்துக்கு நேர் கீழே அடியில் உள்ளங்கையை வைக்கச் சொல்லுங்கள். இப்போது உடல் பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுங்கள், குதிக்க வேண்டாம். மேலே அமுங்கியும் கீழே கையில் ஒன்றும் படவில்லை என்றால் கோளாறு தளத்தில்தான், அடியில் இல்லை. தளத்துப் பிளைவுட் மக்கியிருக்கும், செலவு உண்டு என்றாலும் உயிர்ப் பயம் இல்லை. கீழே கையிலும் அசைவு பட்டால் அடிவரை போயிருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமலேயே நல்ல படகை வேண்டாம் என்று விட்டவர்களும் உண்டு, கெட்ட படகைத் தளம்தானே என்று வாங்கியவர்களும் உண்டு.

மேலே அமுங்கவே இல்லை, ஆனால் அடி மெத்தென்று இருக்கிறது என்ற நிலையும் வரும். அதற்கு வெளியிலிருந்து அமுக்க வேண்டும். படகின் அடியில் முட்டிபோட்டு, இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அழுத்தமாகத் தள்ளுங்கள், ஒரு சாண் இடைவெளி விட்டு அணியத்திலிருந்து (முன்முனை) பின்பலகை வரை. நெளிகிற இடத்தில் ரீப்பர் கட்டையைக் குறுக்காகச் சாத்தி, கட்டைக்கும் பரப்புக்கும் நடுவே ஸ்கேலை வைத்து, அமுக்குவதற்கு முன் எத்தனை மில்லிமீட்டர், அமுக்கும்போது எத்தனை என்று அளந்து எழுதுங்கள். அதே வேலையை படகின் மறுபக்கத்தில், ஏராவிலிருந்து அதே தூரத்தில் இருக்கும் இடத்திலும் செய்யுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு நெளிந்தால் அது கட்டும்போதே மெல்லிசாகக் கட்டிய படகு. ஒரு பக்கம் மட்டும் நெளிந்தால் அங்கே ஏதோ விட்டுப்போயிருக்கிறது. விட்டதும் டக்கென்று திரும்புகிறதா, சோம்பேறித்தனமாகத் திரும்புகிறதா என்பதையும் கவனியுங்கள். மெல்லிய தோல் சுருக்கென்று திரும்பும், மக்கிய மரம் இருக்கும் இடம் மெதுவாகத்தான் எழும்.

தட்டிக் கேட்பது

சந்தையில் பானை வாங்குகிறவர் விரலால் சுண்டிக் கேட்கிற மாதிரிதான் இதுவும், காதுதான் கருவி. இரும்புச் சுத்தியல் வேண்டாம், ஜெல்கோட்டில் புது நட்சத்திரம் விழும். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியாலோ நாணயத்தின் ஓரத்தாலோ ஒரே விசையில் தட்டுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத ஒரு இடத்தில் தட்டி, அந்தப் படகின் நல்ல சத்தம் எது என்று காதுக்குப் பழக்குங்கள். இதை விட்டுவிட்டு நேரே சந்தேக இடத்துக்குப் போனால் குழப்பம்தான், ஏனென்றால் நல்ல இடங்களே மூன்று விதமாகப் பேசும்: வெறும் தோல் 'டங்' என்று கூர்மையாக, வங்குக்கு நேர் மேலே 'டக்' என்று கெட்டியாக, போம் அடைத்த பகுதியில் கொஞ்சம் மந்தமாக. அடுக்கு பிரிந்த இடத்தில் இந்த மூன்றும் இல்லாமல் 'தொப்' என்று செத்த சத்தம், சில நேரம் உள்ளே காகிதம் அதிர்கிற மாதிரி ஒரு சலசலப்பு. பட்டி அப்பிய இடம் சுண்ணாம்புச் சுவரைத் தட்டியது போல ஒலிக்கும்.

சத்தம் மாறுகிற புள்ளியில் சாக்பீஸால் ஒரு குறி, அங்கிருந்து எட்டுத் திசைக்கும் தட்டிக்கொண்டே போய் நல்ல சத்தம் திரும்பும் இடத்தில் எல்லாம் குறி. குறிகளை இணைத்தால் நோயின் எல்லை கிடைத்துவிடும். கால் அமுங்கிய இடம் உள்ளங்கை அளவு இருக்க, சாக்பீஸ் கோடு சுளகு அளவுக்கு விரிவதைப் பலமுறை பார்க்கலாம். நீங்கள் விலை பேச வேண்டியது அந்தப் பெரிய வட்டத்துக்குத்தான்.

கோட்டின் வடிவம் காரணத்தையும் காட்டிக்கொடுக்கும். ஒழுங்கில்லாத வட்டம், நடுவில் நட்சத்திர விரிசல் என்றால் முட்டியதால் அடுக்கு பிரிந்தது. நீளமான பட்டையாக, வங்கு போகும் வழியிலேயே போனால் வங்கு பெயர்ந்திருக்கிறது அல்லது உள்ளே மரம் மக்கியிருக்கிறது. எல்லையே கிடைக்காமல் சத்தமும் மாறாமல் வெறுமனே நெளிந்தால் தோல் மெல்லிசு.

ஈரம்

படகைத் தண்ணீரிலிருந்து ஏற்றியதும் வெயிலில் வெளிப்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடும். எல்லாம் காய்ந்த பிறகும் ஓரிடத்தில் மட்டும் கசிவு நின்றுகொண்டே இருந்தால் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறது. கசிவின் நிறத்தைப் பாருங்கள், டீத்தண்ணி நிறத்தில் வந்தால் மரம் மக்குகிறது, துரு நிறம் என்றால் ஏதோ போல்ட்டோ ஆணியோ அரிக்கிறது. ஜெல்கோட்டில் கொப்புளம் இருந்து, அதைக் குத்தினால் புளிப்பு வாடையோடு நீர் வந்தால் ரெசினுக்குள்ளேயே தண்ணீர் இறங்கியிருக்கிறது. குத்தும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், அழுத்தத்தில் பீச்சும்.

இரண்டாவது நாள் வர முடியும் என்றால் சாக்பீஸ் வட்டத்தின் மேல் பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டிவிட்டு வாருங்கள், நல்ல இடத்தில் இன்னொன்று. மறுநாள் வந்து பார்க்கும்போது சந்தேக இடத்துத் தாளின் உள்பக்கம் மட்டும் வேர்த்திருந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. இரண்டும் வேர்த்திருந்தால் அது கடற்கரைக் குளிர்ச்சி, ஒன்றும் முடிவு செய்யாதீர்கள்.

இன்னொரு வழி, அந்த இடத்தின் உள்பக்கம் திறந்திருந்தால் குடத்துத் தண்ணீரை ஊற்றித் தேங்கவிட்டுக் கீழே வெளிப்பக்கம் காத்திருந்து பார்ப்பது. ஒரு குடம் இரண்டு குடம் போதும். நிறைய ஊற்றாதீர்கள், 100 லிட்டர் என்றால் 100 கிலோ, தண்ணீர் தாங்கும் பாரத்தைக் கரையில் நாலு கட்டை மேல் நிற்கும் அடி தாங்காது.

மிதப்புப் பெட்டிக்குள் ஊறிய போமைக் கண்டுபிடிப்பது தனிக் கதை. படகு அளவுக்கு மீறிக் கனக்கிறதா, கரையேற்ற வழக்கத்தைவிடக் கூடுதல் ஆட்கள் தேவைப்படுகிறார்களா என்று தூக்குகிற ஆட்களையே கேளுங்கள், அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். தண்ணீரில் விட்டு, ஆளும் எஞ்சினும் இல்லாமல் ஒரு பக்கம் சாய்கிறதா என்றும் பாருங்கள்.

துளை போடுவது கடைசியில்தான்

மேலே சொன்னதெல்லாம் வங்கு அல்லது பின்பலகை மரம் மக்கியிருக்கிறது என்று காட்டினால், உறுதி செய்ய ஒரே வழி துளை. சொந்தக்காரரின் சம்மதம் வாங்கி, உள்பக்கத்திலிருந்து மட்டும், 5 மில்லிமீட்டர் பிட்டால் போடுங்கள். பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் கட்டுப்படுத்துங்கள், வெளித்தோலைத் தொடக் கூடாது. மெதுவாகச் சுற்றி, வெளியே வரும் தூளை உள்ளங்கையில் பிடியுங்கள். முதலில் வெள்ளையாக பைபர் தூள், அரிக்கும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து மரம். காய்ந்த வெளிர்நிறச் சுருளாக வந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. கறுத்து, விரலில் அழுத்தினால் சேறு மாதிரி ஒட்டி, மக்கிய வாடை அடித்தால் முடிந்தது. அழுத்தம் இல்லாமலே பிட் தானாக உள்ளே இறங்கினாலும் அதே அர்த்தம். ஒரு துளையோடு நிறுத்தாமல் சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே ஒன்று போட்டு நல்ல மரம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். போட்ட துளைகளை அன்றே எபாக்ஸி என்ற ரெசினால் அடைத்துவிட்டு வரவேண்டியது உங்கள் கடமை.

வாங்கலாமா, விடலாமா

தளம் மட்டும் மக்கியிருந்தால் விலையைக் குறைத்து வாங்கலாம். முட்டிய காயம் ஒன்று, எல்லை தெளிவாக, ஏராவையும் வங்கையும் தொடாமல் இருந்தால் அதுவும் வாங்கத் தக்கதே. ஏரா ஓரம் தேய்ந்து இழை நரம்பு தெரிகிறது என்றால் மேல் மேல் அடுக்கு போட்டுத் தடிமனை மீட்கலாம், "ஒரு மேட்" நிஜமாகவே வேலை செய்கிற இடம் இதுதான், அப்போதும் ஒன்று போதாது.

ஒன்றுக்கு மேற்பட்ட வங்கு பெயர்ந்த படகு, அடி முழுக்க இரண்டு பக்கமும் நெளிகிற படகு, பின்பலகையும் அடியும் சேரும் இடத்தில் மரம் மக்கிய படகு, இவற்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொழிலுக்கு எடுக்காதீர்கள். வாடைக் காலத்து வடகடல் அலையும் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்துத் தென்கடல் அலையும் அடியில் அறைகிற அறையை அந்தத் தோல் ஒரு பருவம் தாங்கலாம், எந்த நாளில் தாங்காது என்பது யாருக்கும் தெரியாது. அதில் ஏறப்போவது உங்கள் தம்பியும் மகனும்தான்.

வாங்கிச் சரிசெய்வதாக முடிவு செய்தால் பைபர் வேலைக்காரரிடம் முன்கூட்டியே இவற்றைப் பேசிவிடுங்கள். சாக்பீஸ் கோடு வரைக்கும் கெட்டதை வெட்டி எடுக்க வேண்டும், மேலே மூடக் கூடாது. உப்பை நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது, மழை மூட்டத்தில் இந்த வேலை வேண்டாம். வெட்டிய ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் தடிமனைப் போல் சுமார் 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும், 6 மில்லிமீட்டர் தோல் என்றால் ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பிறகு மேட்டும் ரோவிங்குமாக மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வொரு அடுக்கிலும் ரோலரால் காற்றை வெளியேற்ற வேண்டும். பழைய பாலியஸ்டர் ரெசின் மேல் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும், எபாக்ஸி மேல் பாலியஸ்டர் சரியாகப் பிடிக்காது, ஆகவே முன்பு எதில் வேலை நடந்தது என்று கேட்டு வையுங்கள். பட்டி கடைசியில், மேடு பள்ளம் நிரப்ப மட்டும்.

பெயிண்ட் அடிப்பதற்கு முன் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். ரெசின் முழுசாக இறுகிய பிறகு அதே நாணயத்தோடு போய் அதே இடத்தைத் தட்டுங்கள், அதே ரீப்பரை வைத்து அளந்து பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். அப்புறம் காற்று அடங்கிய ஒரு காலையில், கரையை விட்டுத் தூரம் போகாமல், எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டி, ஒருவர் உள்ளே அந்த இடத்தில் கை வைத்து உட்கார்ந்து வரட்டும். திரும்பி ஏற்றியதும் அடியைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் போய்க் கசிவு உண்டா என்று பாருங்கள். மீதிப் பணம் அதற்குப் பிறகு.